பாட்டிலுக்குள் போன டான்சில்

குழந்தைக்கு மயக்கம் தெளிவதற்குள் டான்சில் இரண்டும் பார்மலின் பாட்டிலுக்குள் போய்விடுகின்றன. ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். மேற்பரப்பில் 10 முதல் 20 வரை ஆழமான குழிகள். வாய்க்குள் நுழையும் கிருமிகளைப் பிடித்து எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டுவது அந்தக் குழிகளின் வேலை.

பார்மலின் திசுவை அழுகவிடாது. 1893இல் பிராங்க்பர்ட் மருத்துவர் பெர்டினாண்ட் புளூம் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல்தோல் விறைப்பதைக் கவனித்தார். நோய்க்குறியியல் கூடங்கள் இன்றும் அந்தக் கவனிப்பில்தான் ஓடுகின்றன. ஒரு நாள் ஊறியபின் ஆல்கஹால், சைலீன், கடைசியில் உருக்கிய பாரஃபின் மெழுகு. இறுகிய கட்டியை மைக்ரோடோம் 4 மைக்ரான் கனத்தில் சீவும். சிவப்பணுவின் விட்டம்கூட அதைவிடப் பெரிது.

அழற்சியின் தடயங்களைத் தேடுவது இனிமேல்தான். குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைச் சீவல்மேல் விடுகிறார்கள். ஒட்டிய இடம் பழுப்பாகிறது. சிடி20 என்றால் பி செல்கள், சிடி3 என்றால் டி செல்கள், கேஐ-67 என்றால் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள். இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் செய்தியாளர்களையும் இப்படியே பிடிக்கலாம். உயிரோடு இருந்தவரை எதிர்ப்பொருள் தயாரிக்கப் பாடுபட்ட சதையை எதிர்ப்பொருளைக் கொண்டே விசாரிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பழுப்பைப் பார்த்ததும் நோய் என்று எழுதிவிட முடியாது. நல்ல டான்சிலும் எந்நேரமும் கிருமியோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் இருக்கும். அடிக்கடி தொண்டை வீங்கும் பிள்ளை, மூச்சடைத்துக் குறட்டைவிடும் பிள்ளை, இருவர் டான்சிலிலும் நிணநீர் முடிச்சுகள் பெருத்தே தெரியும். எது இயல்பு என்று ஒப்பிட ஆரோக்கியமான டான்சில் வேண்டும். நோயில்லாத பிள்ளையின் தொண்டையில் யார் கத்தி வைப்பார்கள்? போதாததற்கு, இந்தச் சாட்சியமெல்லாம் வெட்டிய பிறகுதான் கிடைக்கிறது. வெட்டலாமா என்ற கேள்வியோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்குக் கண்பார்வையை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதை 1934இல் நியூயார்க் காட்டியது. பதினோரு வயதுப் பிள்ளைகள் 1000 பேரில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மிச்சமிருந்த 389 பேரில் 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். தப்பிய 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினால், 99 பேருக்கு அதே தீர்ப்பு. அதிலும் தப்பிய 116 பேரை இன்னும் சிலர் பார்த்தார்கள்: 51. பிட்ஸ்பர்க்கின் ஜாக் பாரடைஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, ஆண்டுக்கு ஏழு முறை தொண்டை அழற்சி என்பது போன்ற எண்ணிக்கை அளவுகோலாயிற்று. எந்தத் திசுக் குறியீடும் இன்னும் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

ஆனாலும் மெழுகுக்கட்டிக்கு வேலை முடிவதில்லை. பல வகை எதிர்ப்புச் செல்களும் ஒரே இடத்தில் இருப்பதால், வேறு யாருக்கோ நிணநீர்ப் புற்றுநோய்ச் சோதனை நடக்கும்போது அதே கண்ணாடியின் ஓரத்தில் டான்சில் சீவல் ஒன்றையும் ஒட்டுவது வழக்கம். அது பழுப்பாகவில்லையென்றால் சாயம் வேலை செய்யவில்லை என்று பொருள். சோதனையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.