சாந்தோம் இழந்ததும் சென்னை பெற்றதும்

நமது உயர்மறைமாவட்டத்தின் பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். திருமண ஓலைகளிலும் அச்சிடுகிறோம். சென்னை – மயிலை. இவ்விரு பெயர்களுக்கும் நடுவே ஒரு சிறு கோடு கிடக்கிறது. அதைப் பற்றி நம்மில் எவரும் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மயிலை என்பது சென்னையின் ஒரு பகுதிதானே? தியாகராயநகரையோ அடையாற்றையோ நாம் இவ்வாறு தனியே பிரித்துச் சேர்த்துச் சொல்வதில்லையே. ஆயினும் மயிலைக்கு மட்டும் அந்தத் தனியிடம் தரப்பட்டிருக்கிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக நீடித்த ஒரு போட்டியின் தழும்பு அக்கோடு.

புனித ஜார்ஜ் கோட்டைக்கும் சாந்தோம் பேராலயத்துக்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம். இரண்டும் ஒரே மணற்கரையில் நிற்பவை. இரண்டுக்கும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலைகளைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. பின்னிலமும் ஒன்றே, வாங்கிய துணியும் ஒன்றே. அப்படியிருக்க, பெயரும் புகழும் படைத்த பழைய நகரம் தேய்ந்தது. அதன் வடக்கே கிடந்த வெற்று மணல் மேடு தென்னிந்தியாவின் தலைநகராயிற்று. இது ஏன் நிகழ்ந்தது என்பதே நாம் ஆராய விரும்பும் கேள்வி.

மயிலையின் பழமையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் ‘மலியார்பா’ என்னும் ஊர் மயிலாப்பூரே என்று அறிஞர் பலர் கொள்வர். பேயாழ்வார் பிறந்த ஊர் இது. சம்பந்தர் பாடிய தலம் இது. தூய தோமையாரின் கல்லறையைத் தேடி மேலைநாட்டவரும் கீழைக் கிறிஸ்தவர்களும் வந்துபோனதை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைத்தார். 1517-இல் மலாக்காவிலிருந்து திரும்பிய போர்த்துக்கீசியர் சிலரை அர்மேனிய வணிகர் ஒருவரே அக்கல்லறைக்கு அழைத்து வந்தார். 1522 முதல் போர்த்துக்கீசியர் அங்குக் குடியேறலாயினர். அவர்கள் எழுப்பிய ஊர்தான் ‘சாந்தோம் தெ மெலியாப்பூர்’.

தொடக்கத்தில் இவ்வூர் கோவா அரசின் கண்காணிப்புக்கு எட்டாத ஊராகவே இருந்தது. படைப்பணியை விட்டவர்களும், மணம் முடித்துத் தங்கிவிட்டவர்களும், துணி வணிகரும் அதில் வாழ்ந்தனர். வண்ணம் தீட்டிய துணிகளை மலாக்காவுக்கும் பெகுவுக்கும் அனுப்பி, வாசனைப் பொருள்களையும் மாணிக்கங்களையும் கொண்டு வந்தனர். புனித சவேரியார் 1545-இல் இங்கு வந்து சில மாதங்கள் தங்கிய பின்னரே மலாக்காவுக்குக் கப்பலேறினார். வணிகன் சென்ற வழியே மறைபோதகரும் சென்ற காலம் அது. 1606-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் மயிலை மறைமாவட்டத்தை நிறுவியபோது, சோழமண்டலக் கரை மட்டுமன்றி வங்காளமும் பெகுவும் அதன் எல்லைக்குள் வந்தன. மறைமாவட்டத்தின் எல்லையைப் பார்த்தாலே சாந்தோம் கப்பல்கள் ஓடிய வழி நமக்குத் தெரிந்துவிடும்.

இந்நகரின் எழுச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைப்பது நமக்கு அழகன்று. கடலோரத்தில் நின்ற பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். சாந்தோமில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அக்கருத்துக்கு வலுவூட்டுகின்றன. இன்று நாம் குளக்கரையில் காணும் கோயில் பின்னர் எழுந்தது. ஒரு நகரம் அண்டை வீட்டாரின் மனத்தில் விட்டுச்சென்ற வடு அதன் பிற்காலத் தனிமைக்கு ஓரளவேனும் காரணமாயிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

சாந்தோமின் சரிவுக்கு வெளிப்பகை ஒரு காரணம். 1559-இல் விசயநகரத்து இராமராயர் படையோடு வந்து செல்வர்களிடம் தண்டம் பெற்றுச் சென்றார். டச்சுக்காரர் பழவேற்காட்டில் காலூன்றினர். 1612-இல் சாந்தோம்வாசிகள் அங்கிருந்த அவர்களது பண்டகசாலையைத் தாக்கினர். மறு ஆண்டே டச்சுக்காரர் ‘கெல்டிரியா’ கோட்டையைக் கட்டிக்கொண்டனர். ஆனால் உட்பகை அதனினும் கொடியது. மலாக்காப் பயணத்தின் உரிமையை அரசு தன் விருப்பத்துக்குரிய தனியாருக்கு வழங்கியது. தன் கப்பலைத் தானே விரும்பிய துறைக்கு ஓட்ட முயன்ற ஊர்வணிகன் சட்டத்தின் முன் குற்றவாளியானான். ஊருக்குள் கட்சிகள் மலிந்தன. ஒருவரையொருவர் நம்பாத செல்வர் எத்தனை பேர் கூடினாலும் அது நகரமாவதில்லை, சத்திரமாகத்தான் இருக்கும்.

இந்நிலையில்தான் ஆங்கிலேயர் வந்தனர். மசூலிப்பட்டினத்திலும் ஆர்மகானிலும் தொல்லைப்பட்ட பிறகு, ஃபிரான்சிஸ் டே என்பவர் புதிய இடம் தேடித் தெற்கே வந்தார். 1639-இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் அவருக்கு மணல் மேடு ஒன்றைத் தந்தார். டேக்குச் சாந்தோமில் ஒரு காதலி இருந்ததாலேயே இவ்விடத்தைத் தேர்ந்தார் என்று பின்வந்தோர் கதை கட்டினர். காதல் கதைகள் விரைவில் பரவும், கணக்கேடுகள் பரவா. இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 விழுக்காடு மலிவு என்று அவர் தம் மேலாளருக்கு எழுதியதே மெய்யான காரணம். வியப்பு என்னவெனில், சாந்தோம் மக்கள் ஆங்கிலேயரை எதிர்க்கவில்லை, வரவேற்றனர். 1635-இல் கோவாவில் இரு நாட்டாரும் சமாதானம் செய்துகொண்டிருந்தனர். டச்சுக்காரருக்கு எதிராக ஒரு துணை அருகில் இருப்பது நல்லது என்று அவர்கள் கருதினர். அந்தத் துணைதான் தங்களை விழுங்கப்போகிறது என்று அன்று எவர் அறிவார்?

ஆங்கிலேயர் செய்தவை மிக எளியவை. நகரில் குடியேறுவோர் உண்ணும், பருகும், உடுக்கும் பொருள்களுக்கு 30 ஆண்டுகள் சுங்கமில்லை என்று அறிவித்தனர். ஓராண்டுக்குள் 300 முதல் 400 நெசவாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கோமுட்டிகளும் பேரிச் செட்டிமாரும் வந்தனர். பின்னர் அர்மேனியர் வந்தனர்; வைர வணிகம் செய்த யூதர் வந்தனர். சாந்தோமின் போர்த்துக்கீசியரும் கலப்பினத்தவரும் கோட்டைக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டனர். 1641-இல் மலாக்கா டச்சுக்காரர் கையில் விழுந்ததும், சாந்தோமின் உயிர்நாடி அறுந்தது. அங்கிருந்து வடக்கே நகர்ந்தோர் தொகை பெருகிற்று. 1662-இல் கோல்கொண்டாப் படை சாந்தோமைக் கைப்பற்றியபோது மேலும் பலர் சென்னைக்கு வந்தனர். இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: சென்னையைக் கட்டியவர்களில் பெரும்பங்கு சாந்தோம் இழந்த மக்களே. கோட்டை ஆங்கிலேயருடையது, அதனுள் தெருவில் பேசிய மொழி நெடுங்காலம் போர்த்துக்கீசியம். ஆங்கிலப் படைவீரர் பலர் மணந்ததும் கத்தோலிக்கப் பெண்களையே. அப்பிள்ளைகள் எந்தச் சபையில் வளர்வது என்பது கும்பெனியாருக்குப் பெரிய தலைவலியாயிற்று.

பிறகு சாந்தோமைப் பலர் பந்தாடினர். 1672-இல் தெ லா ஹே என்ற பிரெஞ்சுத் தளபதி அதைக் கைப்பற்றினார். கோல்கொண்டாவும் டச்சுக்காரரும் முற்றுகையிட, 1674-இல் சரணடைந்தார். அத்தோல்வியில் தப்பிய பிரான்சுவா மர்த்தேன்தான் புதுச்சேரியை வளர்த்தார் என்பது பலர் அறியாத செய்தி. அடுத்த ஆண்டு கோல்கொண்டா சாந்தோமின் மதில்களை இடித்தது. 1702-இல் தாவூத் கான் அங்கே பாளையமிறங்கிச் சென்னையை முற்றுகையிட்டார். ஒருகாலத்தில் வணிகம் பெருகிய ஊர், மற்றோர் நகரை மிரட்டுவதற்கான கூடாரத் தளமாயிற்று. 1749-இல் ஆங்கிலேயர் அதைத் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர்.

ஆனால் இதைக் கேட்டுச் சென்னையின் பெருந்தன்மையைப் பாராட்ட அவசரப்படல் ஆகாது. 1746-இல் பிரெஞ்சுக்காரரிடம் இழந்த நகரை 1749-இல் திரும்பப் பெற்றதும், கத்தோலிக்கரை எதிரிக்கு உதவியவர்களாகக் கருதி ஆங்கிலேயர் தண்டித்தனர். கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் ஆலயம் இடிக்கப்பட்டது. வேப்பேரிச் சிற்றாலயம் புராட்டஸ்தாந்து மறைபோதகரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மேனியர் 1726-இல் தம் சொந்தச் செலவில் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டியவர். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவர். அவருடைய இனத்தார்க்கும் அந்த ஆண்டுகளில் வெள்ளையர் நகரில் இடமில்லாமற் போயிற்று. வரவேற்பு வணிகத்துக்காக; வணிகம் நிலைபெற்றதும் வரவேற்பும் குறைந்தது.

சவேரியார் கோவாவுக்கு வந்த வழியிலேயே இத்தகைய மற்றோர் இணையும் உண்டு. அவர் 1542-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில் இறங்கினார். 1498-இல் வாஸ்கோ ட காமாவை மொம்பாசா பகைத்தபோது, மொம்பாசாவின் போட்டியாளரான மலிந்தி அவரை வரவேற்று வழிகாட்டியும் தந்தது. அந்நட்பால் மலிந்திக்குக் கிடைத்தது என்ன? போர்த்துக்கீசியர் மொம்பாசாவை வென்றதும், 1593-இல் ‘இயேசு கோட்டை’யை அங்கேதான் கட்டத் தொடங்கினர், மலிந்தியின் அரசரும் அங்கேயே குடிபெயர்ந்தார். மொம்பாசா இன்று கென்யாவின் பெருந்துறைமுகம். மலிந்தியில் ஒரு கல்தூணும் ஒரு சிறு கோயிலும் அந்நாளை நினைவூட்டி நிற்கின்றன. அக்கரையில் இப்போட்டி இன்றும் ஓயவில்லை. உகாண்டா தன் எண்ணெய்க் குழாயைக் கென்யாவின் லாமுவுக்குக் கொண்டுசெல்லும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, 2016-இல் தான்சானியாவின் தங்கா துறையைத் தேர்ந்தது. தங்காவை அதுவரை வெளியுலகில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்?

நம் ஊரிலும் அப்படித்தான். 1920-களின் தொடக்கத்தில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துக் குடியிருப்பு அமைத்தபோது, அது பெருஞ்சந்தையாகும் என்று கண்டவர் எவருமில்லை. தியாகராயநகரின் துணிக்கடை நெரிசலில் சிக்கித் தவிக்கும் நம் இறைமக்கள், தாம் நிற்பது ஓர் ஏரியின் அடியில் என்பதை அறிவார்களோ என்னவோ!

நகரங்களின் போட்டி 1749-இல் முடிந்தது. திருச்சபையின் போட்டி முடியவில்லை. 1642-இல் பெகுவுக்குப் போகும் வழியில் சென்னையில் தங்கிய கப்புச்சின் துறவி எஃப்ரேம், கோட்டையிலேயே மக்களுக்குப் பணிபுரியத் தொடங்கினார், பள்ளியும் நடத்தினார். அவர் ரோமையின் மறைபரப்புப் பேராயத்தைச் சார்ந்தவர். சாந்தோமின் குருக்களோ போர்த்துக்கீச அரசரின் ஆதரவுரிமைக்குக் கீழ்ப்பட்டவர்கள். 1649-இல் எஃப்ரேம் சாந்தோமுக்குச் சென்றபோது பிடிக்கப்பட்டு, கோவாவின் விசாரணை மன்றத்துக்கு அனுப்பப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். கத்தோலிக்கத் துறவியை மீட்க முனைந்தவர்கள் கோட்டையின் ஆங்கிலப் புராட்டஸ்தாந்தர்! இதைவிடக் கசப்பான செய்தி நம் வரலாற்றில் அதிகமில்லை.

அன்று தொடங்கிய பிளவு 300 ஆண்டுகள் நீடித்தது. 1838-இல் ரோமை மயிலை முதலிய மறைமாவட்டங்களின் அதிகாரத்தை நீக்கியது; போர்த்துக்கீசத் தரப்புக் குருக்கள் பலர் அதை ஏற்க மறுத்தனர். இரு தரப்பும் ஒன்றின் அருட்சாதனங்களை மற்றொன்று ஐயத்தோடு நோக்கிற்று. 1857-இலும் 1886-இலும் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. எனினும் ஒரே நகரில் இரு ஆயர்கள், இரு அதிகாரங்கள் என்ற நிலை தொடர்ந்தது. சாந்தோமில் 1896-இல் புதிய பேராலயம் எழுந்தபோதும், அர்மேனியன் தெருவில் மற்றோர் ஆயரின் பேராலயம் இருந்தது. தன் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க வந்த எளிய மீனவனுக்கு லிஸ்பனும் தெரியாது, ரோமையின் பேராயமும் தெரியாது. அவனுடைய வீட்டு வாசல் எந்த ஆயரின் எல்லையில் இருக்கிறது என்பதை மட்டும் மற்றவர்கள் அவனுக்குச் சொன்னார்கள்.

இந்தியா விடுதலை பெற்ற பின், 1950-இல் போர்த்துக்கல் இந்திய ஆயர்களை முன்மொழியும் தன் உரிமையைக் கைவிட்டது. 1952 நவம்பர் 13-இல் சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலை மறைமாவட்டமும் இணைக்கப்பட்டன. அதுவரை மயிலை ஆயரின் கீழிருந்த வேளாங்கண்ணி புதிதாகப் பிறந்த தஞ்சை மறைமாவட்டத்துக்குச் சென்றது. சென்னையின் பேராயராயிருந்த லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை இரண்டின் பேராயரானார். அவர் அர்மேனியன் தெருவிலிருந்து சாந்தோமுக்கு வந்து தம் பேராயர் இருக்கையில் அமர்ந்தார். தூய மரியா ஆலயம் இணைப் பேராலயமாயிற்று.