பசறையும் பல்கலைக்கழக வாசலும்

பரீட்சையில் மிகுந்த புள்ளி பெற்றவனுக்கே பல்கலைக்கழக இடம் உரியது என்பது கேட்பதற்கு எளிய நியாயம். இலங்கையில் இந்த நியாயத்தைப் பற்றி எழுந்த வழக்கு அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. அவ்வழக்கில் யாழ்ப்பாணத்தின் குரலும் கொழும்பின் குரலும் தென்னிலங்கைக் கிராமங்களின் குரலும் ஓங்கி ஒலித்தன. பதுளைக்குக் கிழக்கே, நமுனுகுல மலையை அண்டிய தேயிலைத் தோட்டங்களுக்குச் சந்தையாக விளங்கும் பசறையின் குரல் அங்கே கேட்டதில்லை. ஆயினும் வழக்கின் உள்முடிச்சு பசறை போன்ற இடத்திலேதான் இருக்கின்றது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களை முதல் துணைவேந்தராகக் கொண்டு தோன்றியது. 'சருவகலாசாலை' என்று அக்காலத்தார் அதனை அழைத்தனர். மூன்றாண்டுகளின் பின், 1945இல், கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெருமுயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைக் குடியானவனின் மகனும் மருத்துவனாகலாம் என்னும் நம்பிக்கை நாடெங்கும் பரவிற்று. தேயிலைத் தோட்டத்து லயங்களில் மட்டும் அது நுழையவில்லை. அங்கே பாடசாலை என்பது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருந்த ஒற்றை மண்டபம். பலவிடங்களில் ஓர் ஆசிரியர், நாலைந்து வகுப்புக்கள். எழுத்தறிந்த பிள்ளை பெயர் பதியும் வயது வந்ததும் கொழுந்துக்கூடையோடு மலைக்குச் சென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளையின் பெற்றோரை நாடற்றவராக்கியது. பரீட்சை மண்டபமே எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்குப் புள்ளிக்கணக்கு எதற்கு?

1970ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழக வாசலில் நெருக்கடி முற்றியது. பல்கலைக்கழகத்தை நாடியோரின் தொகை பெருக, இடங்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நல்ல பாடசாலைகளைப் பெற்றிருந்த யாழ்ப்பாணத்தின் மாணவர், மருத்துவ, பொறியியல் பீடங்களில் பெருந்தொகையாக இடம்பெற்றனர். 1969–70 காலத்தில் அப்பீடங்களின் இடங்களில் ஏறக்குறைய அரைவாசி தமிழ் மாணவரிடம் இருந்தன. அடுத்து வந்த அனுமதியில் அரசு மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி விதித்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவன் 400க்கு 229 புள்ளி பெற்றால் போதும். தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டும். ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதிய இருவருக்கு இடையே 21 புள்ளி மதில் எழுந்தது. இதற்கு நியாயம் கற்பிப்பது அரிது. தமிழ் இளைஞரின் உள்ளத்தில் அது ஏற்படுத்திய புண் பின்னாளைய அரசியலை எவ்வளவு தூரம் திசைதிருப்பிற்று என்பது யாவரும் அறிந்ததே.

1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் அதனோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் என்பது அதன் சாரம். மொழிவாரி மதிலைப் போன்றதன்று இது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் பயின்று 60 புள்ளி பெற்றவனையும், தேர்ந்த ஆசிரியர் பலர் சூழப் பயின்று 70 பெற்றவனையும் ஒரே தராசில் நிறுத்துவது சரிதானா என்னும் கேள்வி நேர்மையான கேள்வியே. வவுனியாவுக்கும் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் கூட அதனால் சில கதவுகள் திறந்தன.

ஆனால் பதுளையில் நிகழ்ந்தது வேறு. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது பதுளை மாவட்ட மக்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழர். மாவட்டத்தின் இடங்களைக் கணிக்கும்போது அவர்களுடைய தலைகளும் எண்ணப்பட்டன. லயத்துக் காம்பராவில் பிறந்த குழந்தையும், பிரட்டுக்களத்தில் நின்ற தாயும், கொழுந்து நிறுக்குமிடத்தில் காத்திருந்த கிழவியும் பதுளையின் பங்கைக் கூட்டினர். அவ்வாறு கூடிய இடங்களுக்குப் போட்டியிடத் தோட்டத்தில் உயர்தர வகுப்பு இல்லை. விஞ்ஞான ஆசிரியர் இல்லை. ஆகவே அவ்விடங்கள் மாவட்டத்தின் நகரப் பாடசாலைகளுக்கே பெரும்பாலும் போயின. எண்ணும்போது இருந்தவர்கள் பங்கிடும்போது இல்லாமற்போயினர். 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பெயரில் மாவட்டத்தினுள் மிகப் பின்தங்கியவர் மறைந்து போனமையே இம்முறையின் பெருங்குறை.

விகிதங்கள் பின்னர் பலமுறை மாறின. 1976இல் 70 வீதம் புள்ளிக்கும் 30 வீதம் மாவட்டத்துக்கும் வகுக்கப்பட்டது. 1979இல் திறமைக்கு 30, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என்றாயிற்று. பிற்காலத்தில் 40, 55, 5 என்னும் பகுப்பு நிலைபெற்றது. பதுளை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று.

2000ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையோடு 'இசட் புள்ளி' என்னும் கணிப்பு வந்தது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுப்பர். சராசரி 70 ஆன பாடத்தில் 80 பெற்றவனைவிட, சராசரி 45 ஆன பாடத்தில் 65 பெற்றவன் மேலானவனாகலாம். விலகல் இரண்டிலும் 10 எனின் முன்னவனுக்கு 1, பின்னவனுக்கு 2. பாடங்களுக்கிடையே இது நீதி செய்கின்றது. ஆயினும் 2011இல் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணித்தமையால் குழப்பம் விளைந்து, மறு ஆண்டில் உயர் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. பாடசாலைகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வையோ இக்கணிதம் காணாது. அதைக் காணும் பொறுப்பு மாவட்டம் என்ற ஒற்றை அளவுகோலிடமே விடப்பட்டது.

இதற்கிடையே மலையகத்தில் மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு மாறின. சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அமைந்து, மலைநாட்டுப் பிள்ளைகளே ஆசிரியராகத் திரும்பி வந்தனர். 2003இல் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்து மருத்துவரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் தோன்றியுள்ளனர். அவர்களுடைய புள்ளியை மதிப்பிடுவோர், அதிகாலையில் தாய் மலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் பாடசாலைக்கு நடந்த தூரத்தையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். அத்தகைய தராசு இன்னும் செய்யப்படவில்லை.

2005இல் பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அது அமைந்திருப்பது பசறை வீதியில். நகருக்குச் சாமான் வாங்கப் போகும் தோட்டத்துத் தாய்மார் பேருந்தின் சாளரம் வழியே அதன் வாயிலைக் காண்கின்றனர். அவ்வாயிலுக்குரிய பெயர்ப்பட்டியல் மட்டும் பதுளையில் எழுதப்படுவதில்லை. நாடு முழுவதற்கும் ஒன்றாக, அதே இசட் புள்ளியைக் கொண்டு, கொழும்பில் தயாராகின்றது.