ஆடுகோடிப் பண்ணையும் ஆவின் முட்டைப்பையும்

பெங்களூரின் ஆடுகோடியில் 1923-ஆம் ஆண்டு ஆங்கில அரசு கால்நடை, பால்பண்ணைக் கழகம் ஒன்றை நிறுவிற்று. உடல் நலிந்து 1927-இல் பெங்களூரில் ஓய்வுகொண்டிருந்த காந்தியடிகள் அங்கே சென்று பசுப் பராமரிப்பைப் பயின்றார். பதிவேட்டில் தம்மைச் சபர்மதிக் குடியானவர் என்றே குறித்தார். தலைமையகம் 1955-இல் கர்னாலுக்குப் பெயர்ந்தது. தென்மண்டல நிலையம் மட்டும் எஞ்சியது. அவ்வளாகத்தில் 1995-இல் தோன்றிய தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் கழகம் மற்றொரு கேள்வியைக் கையிலெடுத்தது: முதிராத முட்டைப்பைகளை உடலுக்கு வெளியே வளர்த்தெடுக்க இயலுமா?

கேள்வியின் பின்னே பெரிய இழப்பொன்று உண்டு. கிடாரிக் கன்று பிறக்கும்போதே அதன் சூலகங்களில் இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைப்பைகள் உள்ளன. பத்துக் கன்றுகள் ஈன்ற பசுவே அரிது. ஏனையவை முதிராமலே மடிகின்றன. இறைச்சிக்கூடத்தில் எறியப்படும் சூலகத்தோடும் போகின்றன. அவற்றை மீட்டால், அருகிவரும் நாட்டினங்களின் வித்து அழியாமல் நிற்கும்.

டச்சு மருத்துவர் தெ கிராஃப் 1672-இல் இப்பைகளை விவரித்தபோது பையையே முட்டை என்று கருதிவிட்டார். உள்ளிருக்கும் உண்மையான முட்டையை 1827-இல் ஃபான் பேயர் நாயின் சூலகத்திற் கண்டார். பழைய நூல்களை மொழிபெயர்ப்போர்க்கு இன்றும் இடர் தரும் மயக்கம் இது!

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் எப்பிக், ஓ'பிரையன் இருவரும் பிறந்த சுண்டெலிக்குட்டியின் சூலகத்தை வளர்த்து, அதன் முட்டையிலிருந்து 1996-இல் உயிருள்ள எலியைப் பெற்றனர். அது பின்னர் அளவுமீறிப் பருத்து நோயுற்றது. 2003-இல் திருத்திய முறையால் குட்டிகள் பல பிறந்தன. ஆவினத்தில் இது எளிதன்று. எலியின் முட்டைப்பை சில வாரங்களில் முதிரும். பசுவினுடையது பல மாதம் கொள்ளும். அத்தனை காலம் கண்ணாடித் தட்டில் ஊட்டமும் பிராணவாயுவும் பையின் நடுவரை சென்றாக வேண்டும். முட்டைக்கும் சூழ்ந்த உயிரணுக்களுக்கும் இடையேயுள்ள தொடர்பு அறுந்தால் முட்டை வாடிவிடும்.

பெங்களூர் ஆய்வாளர்கள் எருமை, செம்மறியாட்டுச் சூலகங்களை எடுத்துக்கொண்டனர். பைகளைப் பிரித்து, இயக்குநீர்கள் கலந்த ஊடகத்தில் வளர்த்தனர். அவ்வாறு வளர்ந்த ஆட்டு முட்டைகள் கருவுற்று மொருலா நிலையை எட்டிய செய்தி 2010-இல் வெளியாயிற்று. அச்சொல்லுக்கு லத்தீனில் சிறு முசுக்கொட்டைப் பழம் என்று பொருள். மைசூர்ச் சீமையில் பட்டுப்புழுவுக்கு இலை தரும் அதே செடியின் கனிதான். உயிரணுக்கள் அவ்வாறே திரண்டு நிற்கின்றன.