கடல் தாண்டிய கட்டுமரம்

ஆங்கில டிக்‌ஷனரியைப் பார்த்தாலே பயமா? கல்மண்டபத்துக்காரர்கள் பயப்படவே வேண்டாம். அதில் ‘கேட்டமரான்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது பக்கத்துக் காசிமேட்டுக்காரர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த கட்டுமரம்தான்!

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்திலேயே இந்த வார்த்தை வந்துவிட்டது. அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் ஏது? கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகே திணறுகிற அலையில், கட்டுமரக்காரர்தான் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் செருகிக்கொண்டு போய்ச் சேர்ப்பார். அந்தப் பெயரைக் கற்றுக்கொள்ளாமல் வெள்ளைக்காரன் என்ன செய்வான்?

கற்றவன் அர்த்தத்தை மாற்றிவிட்டான். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சண்டைக்காரப் பெண்ணுக்கு இதுவே பட்டப்பெயர்! 1876-ல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர், இரண்டு படகுகளை ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி இணைத்துப் பாய்மரம் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளை ஓரங்கட்டினார். அப்படி இரட்டையாகப் படகு கட்டுவது பசிபிக் தீவுக்காரர்களின் பழைய வித்தை. ஒட்டிக்கொண்ட பெயரோ நம்முடையது. இன்று வெளிநாட்டில் கேட்டமரான் என்றால் அந்த இரட்டைப் படகுதான்.

இங்கே? காசிமேட்டில் விசைப்படகும் ஃபைபர் படகும் வந்தபின், மரங்களைக் கயிற்றால் பிணைத்த அந்த ஒரிஜினல் அரிதாகிவிட்டது. ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்கிற மாணவர்களே, அர்த்தத்துக்கு டியூஷன் தேவையில்லை. கரையில் வலை பின்னும் தாத்தாவைக் கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.