ஏரிக்கரை மேல் ஒரு சைக்கிள் பாதை

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக்குக்கு என்ன வேலை? உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஏறி மிதித்துப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நெல்வயல், நடுவே மேடும் குழியுமான மண் தடம்.

இந்த ஏரியின் பழைய பெயர் வயிரமேகத் தடாகம். 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அறிவார்கள். அந்தத் தேர்தல் எதற்கு நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது பகுதிகளிலிருந்து, குடத்து ஓலை வழியே தேர்வானவர்களில் ஆறு பேர் ஏரியைப் பராமரிக்கும் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். பொறுப்பு 360 நாள். ஏரியில் தூர் எடுக்கக் கொடை தந்ததைச் சொல்லும் கல்வெட்டுகளும் இவ்வூரில் உண்டு. தூர் வாரிய மண்ணைக் கொட்டித்தான் கரையைப் பலப்படுத்துவது வழக்கம். இன்று சக்கரம் உருளும் தடம், தலைமுறை தலைமுறையாக ஊரார் மண் சுமந்து காத்த கரை.

இது தடத்தின் கதை; இனி வண்டியின் கதை. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், பழைய பருமனான டயர் சைக்கிள்களோடு இளைஞர்கள் ‘ரீபேக்’ என்ற மலைச்சரிவுப் பந்தயத்தைத் தொடங்கியது 1976இல். மவுண்டன் பைக்கின் வரலாற்றை அங்கிருந்து எழுதுவது வழக்கம். ஆனால் கரடுமுரடான மண்ணில் சைக்கிள் ஓட்டுவது நம் கிராமங்களுக்கு அதற்கும் முந்தைய பழக்கம். அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கியது 1949இல். கியரும் சஸ்பென்ஷனும் இல்லாத அதன் ஹெர்குலிஸ் வண்டியின் கேரியரில் புல்லுக்கட்டையும் உர மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வரப்பிலும் ஏரிக்கரையிலும் போனவர்களின் திறமையை எந்தப் பந்தயமும் அளந்ததில்லை. அளந்திருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர் இங்கிருந்து தென்கிழக்கே திரும்பினால் வேடந்தாங்கல். அங்கே நீர்ப்பறவைகளைச் சுடவிடாமல் காக்கும் கிராமத்தாரின் உரிமையை 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் எழுத்தில் ஏற்றார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது உழவர்களுக்கு அப்போதே தெரியும். இன்னும் போனால் மதுராந்தகம். அதே பிளேஸ், உடைய இருந்த அவ்வூர் ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காத்து நின்றதைக் கண்டாராம். ஏரி காத்த ராமர் கோயில் சொல்லும் கதை இது. ஆக, இந்தப் பயணம் முழுவதும் ஏரிகளைக் காத்தவர்களின் வழியாகவே போகிறது.

தை, மாசி நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரியில் தண்ணீர் நிற்கும், மண்ணும் இறுகியிருக்கும். மழைக்காலத்தில் ஈரக்கரையில் ஓட்டினால் சக்கரத் தடம் பள்ளமாகும், அதில் நீர் இறங்கிக் கரையை அரிக்கும். அப்போது கீழே தார்ச்சாலையிலேயே போவது நல்லது. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் விடாது. மாற்று டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்கட்டும்.