ரொரைமாவிலும் மைசூருவிலும்
மைசூரு அவதூத தத்த பீடத்தின் சுகவனத்துக்குள் போனால் முதலில் நிறைவது காதுதான். கணபதி சச்சிதானந்த சுவாமிகள் உருவாக்கிய இந்தப் பறவைக்கூடம், 468 இனங்களோடு 2017இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. மக்காவும் காக்கட்டூவும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் என் கண் நிற்பது சன் கன்யூர் கிளியிடம்தான். நீளம் 30 செ.மீ., எடை ஏறக்குறைய 110 கிராம். மஞ்சள் உடம்பு, ஆரஞ்சு முகம், இறக்கையில் பச்சையும் நீலமும், கறுத்த அலகு.

இதன் தாய்வீடு பிரேசிலின் ரொரைமா மாநிலமும் அதை ஒட்டிய கயானாவும். கூண்டு வியாபாரத்துக்காக அங்கே கூட்டம் கூட்டமாகப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். 2008 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற பட்டியலில் இருக்கிறது. காட்டில் மிஞ்சியிருக்கும் முதிர்ந்த பறவைகள் 2,500க்கும் குறைவு என்பது மதிப்பீடு. நம் ஊர்ப் பறவைக் கடைகளிலோ தேடாமலே கிடைக்கும்.

காட்டில் இது தனியாக இருப்பதில்லை. முப்பது வரை கூடிப் பறக்கும், மரப்பொந்தில் முட்டையிடும், பழம், பூ, விதை என்று தேடித் தின்னும். புல்வெளியில் தொலைவிலிருக்கும் துணையை எட்டத்தான் அந்தக் கிறீச்சிடும் குரல். அதே குரல் அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுச் சண்டையாகிறது. இளம் பறவையில் பச்சை தூக்கலாக இருக்கும். இலைக்குள் மறைய அது உதவும் என்பார்கள். கடையில் அதையே பார்த்து, "இது கலப்பா?" என்று சந்தேகப்படுகிறார் வாங்குபவர். முழு மஞ்சள் ஏற ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். வீட்டில் சூரியகாந்தி விதையை மட்டுமே கொட்டி வளர்த்தால் கொழுப்பேறி ஈரல் கெடும்.

காட்டுக்கும் கூண்டுக்கும் பெரிய வித்தியாசம் உறவில். கண் திறந்த கொஞ்ச நாளில் குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, சிரிஞ்சில் கூழ் ஊட்டுகிறார்கள். "ஜோடியா வாங்காதீங்க, உங்ககிட்ட ஒட்டாது" என்பது விற்பவரின் அறிவுரை. அவர் சொல்வதில் உண்மை உண்டு. தோளில் ஏறி, காதைக் கோதி, நம்மை விட்டு நகர மறுக்கும் அந்தப் பாசம், கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டியது. வீட்டில் ஆள் இல்லாத பகலில் அதுவே தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதாகவும் முடியலாம். 25 வருடம் வாழக்கூடிய பறவை என்பதைக் கடையில் யாரும் யோசிப்பதில்லை.

சட்டமும் வேடிக்கைதான். மைசூரு மரப்பொந்துகளில் வாழும் செந்தார்ப் பைங்கிளியை வளர்ப்பது குற்றம். சன் கன்யூரை, 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்து வளர்க்கலாம். இங்கே பெருகுவதால் அங்கே இனம் மீளும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சிவப்புக் கூடுதலாக வர வேண்டும் என்று தேர்ந்து இணைசேர்த்த, இரை தேடவே பழகாத குஞ்சு ரொரைமாவில் எதைத் தின்னும்? கயானாவின் காராசபாய் வட்டாரத்தில் இன்னும் கூட்டங்கள் பறக்கின்றன என்றால், அது அந்த ஊர்ப் பூர்வகுடிகள் பறவைகளைக் காத்து வருவதால்.