பாட்டே இல்லாத ராஜா

இளையராஜான்னு சொன்னதுமே நம்மாளுங்க ஒரு பல்லவியை முணுமுணுக்க ஆரம்பிச்சுடுவாங்க. நான் சொல்ல வந்தது பல்லவியே இல்லாத ராஜாவை. கதை, சிச்சுவேஷன், டைரக்டர் யாருமே குறுக்க இல்லாம அவர் செஞ்ச இசை.

1986ல் 'ஹௌ டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்க. பாக்கின் பார்ட்டிட்டா அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், வி.எஸ்.நரசிம்மனின் வயலின் நம்மூர் கமகத்தோட அதுமேல ஏறி உக்காந்து பேசும். ஃப்யூஷன்ங்கிற பேர்ல ரெண்டையும் கலக்கி கூழாக்குற வேலையில்லை. விழுப்புரத்துல ஒரு கேசட் கடைக்காரர், "இதுல பாட்டே இல்லீங்க, வேணாம்"னு நல்லெண்ணத்துல தடுத்தார் :-) அதே இசையைத்தான் பாலுமகேந்திரா 'வீடு' (1988) படத்துக்குப் பின்னணியா வச்சார். அந்தப் படத்துலயும் பாட்டு கிடையாது!

1988ல் 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழல், கூடவே 50 பேர் ஆர்க்கெஸ்ட்ரா. இசையும் காத்து மாதிரி இயற்கையா நடக்கிற ஒண்ணுதான்ங்கிறது அதோட அடிப்படை. இதை நான் திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போற பாசஞ்சர்ல வாக்மேன்ல கேட்டிருக்கேன். மயிலம், பேரணி தாண்டினதும் ஜன்னல் காத்து எது, குழல் மூச்சு எதுன்னு பிரிக்க முடியாது.

இதுல நம்ம ஊருக்கு ஒரு பழைய பாத்தியதை உண்டு. திண்டிவனத்தை ஒட்டின கிடங்கில்தான் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவன்மேல பாடின சிறுபாணாற்றுப்படை, 269 அடி. சீறியாழோட வர்ற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. பரிசு எங்க கிடைக்கும்னு மட்டுமா சொல்லுது? நெய்தல், முல்லை, மருதம்னு ஒவ்வொரு நிலமா காட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போகுது. இசைக்காரன் நடக்குற வழியும் முக்கியம்னு நத்தத்தனாருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

கவிதைன்னு வந்தா, 2005ல் வந்த திருவாசகம். புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ரா, ராஜாவே பாடினார். பிரமாண்டம்தான், மறுக்கலை. ஆனா நம்ம பக்கத்துக் கோயில்கள்ல ஓதுவார் தனியா பாடிக் கேட்ட காதுக்கு, சில இடத்துல ஆர்க்கெஸ்ட்ரா சொல்லை அமுக்கிடுது. என் ஓட்டு 'நத்திங் பட் விண்ட்'டுக்குத்தான். சண்டைக்கு வர்றவங்க ரெண்டையும் திரும்ப ஒருதடவை கேட்டுட்டு வாங்க.

2025 மார்ச் 8, லண்டன். ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவரோட 'வேலியன்ட்' சிம்பொனியை வாசிச்சது. பெருமை, சாதனை, தமிழன்னு நம்ம டிவில மணிக்கணக்கா பேசினாங்க. இசை எப்படி இருந்துச்சுன்னு யாராவது ரெண்டு வார்த்தை சொல்வாங்களான்னு நானும் சேனல் மாத்தி மாத்திப் பார்த்தேன்.